தண்ணி தெளிவாத்தான் இருந்துச்சு

முதல் தடவை தார்ப்பாய் தொட்டி போட்டு 300 திலாப்பியா குஞ்சு விட்டேன். அதே தண்ணியை ஃபில்டர்ல சுத்தவிட்டு மறுபடி தொட்டிக்கே கொண்டுவர்ற முறை. பன்னிரண்டாம் நாள் காலையில பார்த்தா பாதிக்கு மேல செத்து மிதக்குது. தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவா இருந்துச்சு. மாட்டிக் குடுத்தவரு, "ஃபில்டர் நல்லாத்தாங்க ஓடுது, குஞ்சுதான் சரியில்ல"ன்னுட்டாரு.

ஏன் செத்துச்சுன்னு தேடப்போய்த்தான் இந்தக் கதை கிடைச்சுது. இது ஆரம்பிச்சது மீன் பண்ணையில இல்லீங்க, சாக்கடைத் தண்ணியில.

1877-ல் பிரான்ஸ் நாட்டில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்று இரண்டு வேதியியல்காரர்கள் ஒரு சோதனை செய்தார்கள். நீளமான குழாயில் மணலும் சுண்ணாம்புக்கல் பொடியும் நிரப்பி, மேலேயிருந்து சாக்கடைத் தண்ணியை மெதுவாக விட்டார்கள். 20 நாள் வரை ஒரு மாற்றமும் இல்லை. அம்மோனியா அப்படியே கீழே வந்தது. அதுக்கப்புறம்தான் அம்மோனியா குறைந்து நைட்ரேட் வர ஆரம்பித்தது. மணல்தான் காரணம் என்றால் முதல் நாளே மாறியிருக்கணுமே? குளோரோஃபார்ம் ஆவியைக் காட்டினார்கள், வேலை நின்றுபோனது. ஆவியை எடுத்த பிறகும் தொடங்கவில்லை. மண்ணைக் கரைத்த தண்ணியைக் கொஞ்சம் ஊற்றினார்கள். சில நாளில் மறுபடி நடந்தது. ஆக, வேலை செய்தது மணல் இல்லை, அதில் குடியேறிய உயிர்.

1890 வாக்கில் சூரிச் நகரில் இருந்த ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி அந்த நுண்ணுயிர்களைப் பிரித்துக் காட்டினார். வேலை இரண்டு கை மாறி நடக்கிறது. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட் ஆக்கும்.

இங்கிலாந்தில் நகரத்துச் சாக்கடையைக் கல் படுக்கைமேல் சொட்டவிட்டுச் சுத்தம் செய்ததும் இந்த உயிர்களை வைத்துத்தான். 1950-களில் ஜப்பானில் இதை மீன் வளர்ப்புக்குக் கொண்டுவந்தார்கள். 1980-களில் டென்மார்க்கில் விலாங்கு மீன் பண்ணைகள் இதே முறையில் நடந்தன.

இப்ப என் தொட்டிக்கு வர்றேன். மீன் செவுள் வழியா அம்மோனியாவை விட்டுக்கிட்டே இருக்கும். அது கண்ணுக்குத் தெரியாது. நைட்ரைட்டும் அப்படித்தான், அது ஏறினா மீனோட ரத்தம் பழுப்பாகி, காத்து அடிச்சாலும் மூச்சுத் திணறும். நைட்ரேட்டைத்தான் மீன் ஓரளவு தாங்கும். சல்லடை மாதிரி வடிகட்டுற ஃபில்டர் சாணியையும் மிச்சத் தீவனத்தையும் பிடிக்கும், அவ்வளவுதான். அடுத்த டிரம்முல கிடக்கிற பிளாஸ்டிக் துண்டு நுண்ணுயிருக்கு வீடு. நான் வீட்டைக் கட்டினேன், ஆள் குடிவர்றதுக்கு முன்னாடியே 300 குஞ்சை விட்டுட்டேன்.

இப்பல்லாம் ஓடிக்கிட்டிருக்கிற தொட்டியிலேர்ந்து ஒரு வாளி பிளாஸ்டிக் துண்டை எடுத்துப் புதுத் தொட்டி டிரம்முல போடுறேன். முதல்ல பத்துப் பதினஞ்சு மீன்தான். தினமும் சோதனைக் குப்பியில பார்த்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் இறங்கினப்புறம்தான் மத்த மீன். ஒரு மாசத்துக்கு மேலயும் ஆகுது.

முப்பது வருஷமா வயல்ல எரு போடுறேன். அந்த எருவைப் பயிர் எடுத்துக்கிற மாதிரி மாத்திக் குடுத்ததுல இந்த உயிர்களுக்கும் பங்கு உண்டாம். எரு போட்டு மக்க விட்டுத்தானே நடுவோம்? தொட்டிக்கு மட்டும் அந்தப் பொறுமை இல்லாம போச்சு.