பழைய உருவப்படங்களும் பெயரற்ற தமிழரும்

கல்வெட்டு, செப்பேடு, ஓலை, அரசாங்க ஆவணம் எனத் தமிழர் வரலாற்றுக்குச் சான்றுகள் பல. அவ்வரிசையில் பத்தொன்பதாம் நூற்றாண்டு புதிதாகச் சேர்த்த சான்று புகைப்படம். தமிழ்த் தொழிலாளர் மலாயாக் கரையில் கூட்டங் கூட்டமாக வந்திறங்கிய காலமும், புகைப்படக் கருவி இங்கே வேரூன்றிய காலமும் ஏறத்தாழ ஒன்றே. ஆதலால் அம்மக்களின் முகங்கள் கண்ணாடித் தகடுகளில் பதிந்தன. ஆனால் பெயர்கள் பதியவில்லை. முகம் கிடைத்தும் பெயர் கிடைக்காமற் போனதன் காரணம், படம் எடுக்கப்பட்ட முறையிலும் அதை எடுப்பித்தவர்களின் நோக்கத்திலும் அடங்கியுள்ளது.

வெயிலே விளக்கு

பிரெஞ்சு நாட்டு தாகர் என்பாரின் முறை 1839-ஆம் ஆண்டில் உலகுக்கு வெளியாயிற்று. நான்கே ஆண்டுகளில், 1843-இல், சிங்கப்பூரில் விடுதி நடத்திய துத்ரோன்குவா என்பவர் அம்முறையில் உருவப்படம் எடுத்துத் தருவதாக விளம்பரம் செய்தார். 1851-இல் ஆங்கிலேயரான ஆர்ச்சர் ஈரத்தகடு முறையை வெளியிட்ட பின்னரே ஒரு தகட்டிலிருந்து பல படிகள் எடுப்பது எளிதாயிற்று.

ஈரத்தகடு முறை பெருந்தொல்லை நிறைந்தது. கண்ணாடியின்மேல் கொலோடியன் என்னும் பசையை ஊற்றிப் பரப்பி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படத்தை எடுத்து, உடனே இருட்டில் கழுவிவிட வேண்டும். எல்லாம் சில நிமிடங்களுக்குள் முடிய வேண்டும். வெப்ப நாட்டிலோ தகடு இன்னும் விரைவில் உலரும். ஆகவே ஊர் ஊராகச் சென்ற புகைப்படக்காரர், இருட்டுக் கூடாரத்தையும் மருந்துப் புட்டிகளையும் கண்ணாடிப் பெட்டிகளையும் சுமையாட்களைக் கொண்டு தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது.

மின்விளக்கு இல்லாத அக்காலத்தில் கதிரவனே விளக்கு. வீட்டு முற்றத்திலோ தாழ்வாரத்திலோ மரநிழலிலோ ஆளை நிறுத்துவர். பல நொடிகள் அசையாது நிற்க வேண்டியிருந்ததால், தலைக்குப் பின்னால் இரும்புத் தாங்கி ஒன்றை மறைவாக வைப்பதும் உண்டு. பழைய படங்களில் உள்ளவர்கள் முகம் இறுகி, கண் சுருங்கிக் காணப்படுவதைக் கண்டு, அவர்கள் கடுமையானவர்கள் என்றோ துயருற்றவர்கள் என்றோ முடிவு கட்டுவது பொருந்தாது. கூசும் வெயிலில் மூச்சடக்கி நின்ற முகம் அது.

மற்றொன்றும் கருதத்தக்கது. அத்தகடுகள் நீல நிறத்தையே நன்கு உணர்ந்தன. மஞ்சளும் சிவப்பும் அவற்றில் கறுத்தே விழுந்தன. மஞ்சள் பூசிய முகமும் குங்குமப் பொட்டும் செந்நிறச் சேலையும் இருளாகிவிடும். எனவே அப்படங்களில் காணும் கருமையை அப்படியே அம்மக்களின் நிறமாகக் கொள்வது தவறு.

பினாங்கில் இரு உதவியாளர்

எடின்பரோ நகரில் பிறந்த ஜான் தாம்சன் 1862-இல் சிங்கப்பூர் வந்தார். பினாங்கிலும், இன்று செபராங் பிறை எனப்படும் வெல்லெஸ்லி மாகாணத்திலும் ஏறத்தாழப் பத்து மாதம் தங்கி, மலாய்க்காரர், சீனர், தமிழர் ஆகியோரைப் படம் பிடித்தார். மலாக்கா நீரிணைப் பகுதி, இந்தோசீனம், சீனம் ஆகியவற்றைப் பற்றி அவர் எழுதிய நூல் 1875-இல் வெளிவந்தது. மலாக்கா நகரமும் அதில் இடம்பெற்றுள்ளது.

பினாங்கில் அவருக்குத் துணையாய் இருந்தவர்கள் இந்தியரே என்பது அந்நூலால் தெரியவருகிறது. மனிதர் கைபடாமல் உருவம் தோன்றுவது பேய்த்தொழில் எனக் கருதிச் சீனர் விலகியதால், சென்னைப் பக்கத்து ஆடவர் இருவரைப் பயிற்றி, படி எடுக்கும் வேலைக்கும் உதவிக்கும் வைத்துக்கொண்டார். தகட்டின் அடியில் தாளை வைத்து வெயிலில் காயவைத்துப் பதம் பார்த்து எடுப்பது அவ்வேலை. நம்மவர் கருவிக்கு முன்னால் நின்றவர்கள் மட்டுமல்லர். அக்கலையின் தொடக்கத்திலேயே கருவிக்குப் பின்னாலும் நின்றவர்கள் என்பதற்கு இது சான்று.

களுத்துறையில் கேமரன் அம்மையார்

மலாயாவில் காப்பித் தோட்டம் போட்ட வெள்ளையர் பலர் இலங்கையில் தொழில் பழகியவர்கள். தமிழ்த் தொழிலாளரைக் கொண்டு தோட்டம் நடத்தும் முறையும் அவர்களுடன் வந்தது. எனவே இலங்கைப் படங்களையும் இங்குள்ள படங்களோடு சேர்த்தே பார்ப்பது தகும்.

டென்னிசன், டார்வின் போன்ற பெரியோரைப் படம் பிடித்துப் புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கேமரன் 1875-இல் கணவருடன் இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். அக்குடும்பத்துக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879-இல் இறக்கும் வரை, தோட்டத் தொழிலாளரையும் ஊர் மக்களையும் அவர் படம் பிடித்தார். அவற்றுள் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. 1878-இல் களுத்துறையில் எடுத்த குழுப்படம் ஒன்றுக்கு அவரே குறிப்பு எழுதியுள்ளார். பெண்ணுக்கு வயது பன்னிரண்டு. முதியவர் தம்மை அவள் தந்தை என்றும், தமக்கு வயது நூறு என்றும் கூறுகிறார் என்பது குறிப்பு. வயது உண்டு, உறவு உண்டு, பெயர் மட்டும் இல்லை. இங்கிலாந்தில் அதே கை எடுத்த பெரியோர் படங்களோ பெயராலேயே விளங்குகின்றன.

விலை கொடுத்தவர் யார்?

இவ்வேறுபாட்டின் வேர் பணத்தில் உள்ளது. படக்கூடத்துக்குச் சென்ற செல்வர், தம் படத்துக்குத் தாமே விலை கொடுத்தார். அதைத் தம் பெயரோடு வீட்டில் மாட்டினார். வெளியில் நிறுத்தப்பட்ட தொழிலாளி விலை கொடுத்தவரல்லர். அவர் படத்தை வாங்கியவர் கப்பலில் வந்த பயணியும் ஐரோப்பிய வாசகருமே. அவர்களுக்கு வேண்டியது இனமும் தொழிலும், ஆளன்று. சிங்கப்பூரில் பெரும்புகழ் பெற்ற லாம்பர்ட் நிறுவனம் போன்றவை விற்ற படங்களில் ‘கிளிங்’ என்ற ஒரு சொல்லே பலருக்கும் பெயராக நின்றது. கலிங்கம் என்பதன் திரிபாகக் கருதப்படும் அச்சொல், மலாக்காவில் 1748-இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசலின் பெயரில் பெருமையோடு நிலைத்தது. பட அட்டையிலோ அது ஒரு மனிதனின் பெயரை மறைக்கும் திரையாயிற்று.

மலாக்காவுக்குரிய கடமை

1781-இல் பொய்யாத விநாயகர் ஆலயத்தை எழுப்பிய மலாக்காச் செட்டிகள் இம்மண்ணில் நெடுங்காலம் வேரூன்றியவர்கள். தோட்டத் தமிழர் வரலாறு இதனின் வேறானது. 1896-இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்ட பின்னரே இவ்வட்டாரத்தில் ரப்பர் தோட்டங்கள் பெருகின; பால்மரக் காடுகளில் தமிழர் தொகையும் பெருகிற்று. அதற்குள் உலர்தகடு வந்து, கருவி எளிதாகி, படம் எடுக்கும் நேரமும் நொடிக்குள் சுருங்கிவிட்டது. ஆயினும் லயத்தின் முன் வரிசையாக நிறுத்தி எடுக்கும் வழக்கமும், பெயர் எழுதாத வழக்கமும் தொடர்ந்தன.

1910-இல் நிறுத்தப்பட்ட ஒப்பந்தக் கூலி முறையின் பத்திரங்களில் தொழிலாளியின் பெயர் உண்டு, முகம் இல்லை. படத்தில் முகம் உண்டு, பெயர் இல்லை. பிரிந்து கிடக்கும் இவ்விரண்டையும் இணைக்க வல்லது முதியோர் நினைவு ஒன்றே. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தபோது, தகரப் பெட்டிகளில் இருந்த படங்களும் சிதறின. எஞ்சியவற்றின் பின்புறத்தில், இவர் இன்னார், இன்ன ஊரார், இன்ன தோட்டத்தில் வேலை செய்தார் என்று மூன்று வரி எழுதி வைப்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் இயன்ற செயல். அம்மூன்று வரிகளே பிற்காலத்தார்க்குக் கல்வெட்டாகும்.