தோளிலிருந்து இறங்கும் பின்னல்

கம்பளி நூலில் கையில்லாத ஸ்வெட்டர் பின்னுவோர் பலரும் இடுப்புப் பட்டையில் தொடங்கித் தோளில் முடிப்பர். அதைத் தலைகீழாக்கி, தோளில் தொடங்கி இடுப்பில் முடிக்கும் முறையை ஒரு முழுப் புத்தகமாக 1972இல் வெளியிட்டவர் அமெரிக்கரான பார்பரா வாக்கர் என்பதால், அம்முறையின் வயதையும் அந்த ஆண்டிலிருந்தே கணக்கிடத் தோன்றும். ஆனால் அதற்கு அடிப்படையான சிந்தனை, பிரிட்டனின் கடற்கரை ஊர்களில் மீனவர் குடும்பத்துப் பெண்களிடம் அதற்கு வெகுகாலம் முன்பே வழக்கில் இருந்தது.

இம்முறையின் பயன் மிகத் தெளிவாகத் தெரிவது ரிப் என்னும் பின்னலில் என்பதால், முதலில் அதைப் பார்ப்போம். கைப்பின்னலில் நூல் வளையத்தை முன்புறமாக இழுத்தெடுப்பது நிட். பின்புறமாகத் தள்ளியெடுப்பது பர்ல். இவ்விரண்டையும் ஒரே வரிசையில் மாற்றி மாற்றிப் பின்னும்போது மேடும் பள்ளமுமாக நெடுக்குக் கோடுகள் எழுந்து, துணி குறுக்கே சுருங்கி, இழுத்தால் விரிந்து, விட்டால் மீளும். இதுவே ரிப். திருப்பூர்ப் பனியனின் கழுத்துப் பட்டை நெகிழ்ந்து மீள்வதும் இதனால்தான். பர்ல் பின்னலுக்குக் காலம் உறுதியாகத் தெரிந்த மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று, 1562இல் இறந்த புளோரன்ஸ் கோமகள் எலியனோராவின் காலுறை. 1589இல் வில்லியம் லீ உருவாக்கிய காலுறைத் தறியால் வெறும் நிட் துணியை மட்டுமே பின்ன முடிந்ததால், இரண்டாவது ஊசி வரிசையைச் சேர்த்து ஜெடிடயா ஸ்ட்ரட் 1750களின் இறுதியில் காப்புரிமை பெறும்வரை, ஏறத்தாழ 170 ஆண்டுகள், ரிப் கைப்பின்னலாளரின் தனிச்சொத்தாகவே நீடித்தது.

பிரிட்டனின் அந்தக் கடற்கரை ஊர்களில் பின்னப்பட்ட, கான்சி எனப்படும் மீனவர் ஸ்வெட்டரில் உடற்பகுதி கீழிருந்து மேலே வளர்ந்தாலும், கைகள் மட்டும் தோளிலுள்ள கண்ணிகளை, அதாவது நூல் வளையங்களை, ஊசியில் எடுத்து மணிக்கட்டை நோக்கிப் பின்னப்பட்டன. இதற்குக் காரணம் அழகன்று. பின்னலை முடித்த ஓரத்தில் நூலை அவிழ்த்து இழுத்தால் துணி வரிசை வரிசையாகப் பிரிந்துவரும். தொடங்கிய ஓரத்திலிருந்து அவ்வாறு எளிதில் பிரிக்க இயலாது. கயிறும் வலையும் உப்புநீரும் முதலில் தின்பது மணிக்கட்டுப் பகுதியையே என்பதால், முடிவோரம் அங்கே அமைந்தால், கிழிந்த பகுதியை மட்டும் பிரித்துப் புதிய நூலால் மீண்டும் பின்னிவிடலாம். எந்த ஏட்டிலும் பெயர் பதியாத அப்பெண்களின் இந்த முன்யோசனை, பொறியாளர் ஒருவரின் கணக்குக்குச் சற்றும் குறைந்ததன்று.

பிரித்துப் பின்னும் வழக்கம் இரண்டாம் உலகப் போர்க்காலத்திலும் கைகொடுத்தது; குறைந்த நூலில் முடியும் கையில்லாத ஸ்வெட்டரும் அக்காலச் சிக்கனத்துக்கு ஏற்றதாக இருந்தது. பிரிட்டனில் 1941 ஜூன் 1 அன்று ஆடைப் பங்கீடு தொடங்கி, கம்பளி நூலுக்கும் கூப்பன் தேவைப்பட்டபோது, பழைய ஸ்வெட்டர்களைப் பிரித்துப் புதியவை பின்னினர். அதே ஆண்டு நவம்பர் 24 தேதியிட்ட அமெரிக்க இதழான லைஃப், பின்னலைக் கற்றுத்தரும் அட்டைப்படக் கட்டுரையுடன் எளிய கையில்லாத ஸ்வெட்டர் ஒன்றுக்கான செய்முறையையும் அச்சிட்டது.

வாக்கரின் பங்கு, கைக்கு மட்டும் இருந்த தர்க்கத்தை ஆடை முழுவதற்கும் விரித்ததில் உள்ளது. தோளிலிருந்து முதுகும் மார்பும் தனித்தனியே இறங்கி, அக்குளில் சில கண்ணிகள் கூட்டப்பட்டு ஒன்றாகி, பின்னர் வளைய ஊசியில் தையலின்றிச் சுற்றிச் சுற்றி நீள்வதால், அணிபவர் இடையிடையே உடுத்திப் பார்த்து நீளத்தை முடிவுசெய்யலாம். ரிப் ஆடைக்கு இம்முறை இன்னும் பொருந்துவதற்கு நுட்பமான காரணம் ஒன்றுண்டு: கீழிருந்து பின்னிய துணியின் தொடக்க ஓரத்தில் கண்ணிகளை எடுத்து எதிர்த்திசையில் நீட்டினால், புதிய கண்ணிகள் அரைக் கண்ணி தள்ளியே அமையும். வெறும் நிட் துணியில் கண்ணுக்குப் படாத இவ்விலகல், ரிப்பின் நேர்க்கோடுகளை முறித்துக் காட்டிவிடும். மேலிருந்து பின்னிய ஆடையில், முடிவோரத்தைப் பிரித்து அதே திசையில் தொடரும்போது கோடு முறிவதேயில்லை. வளரும் பிள்ளைக்கு ரிப் ஸ்வெட்டர் பின்ன நினைப்பவர் தோளிலிருந்தே தொடங்குவது நல்லது.