முடிச்சைத் தாண்டுதல்

மலையேற்றத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் சிகரங்களின் வரலாற்றையே எழுதுகின்றனர். எந்த ஆண்டில் எவர் எந்த உச்சியில் முதலில் கால் பதித்தார் என்பதே அவர்தம் கணக்கு. இன்னும் சிலர் கருவிகளின் வரலாற்றை எழுதுவர். நார்க்கயிறு போய் நைலான் கயிறு வந்த கதை அது. இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது வரலாறு ஒன்று உண்டு. அந்தரத்தில் சிக்கிய ஒருவர், உதவிக்கு எவரும் வந்துசேர முடியாத நிலையில், இடுப்பில் செருகியிருக்கும் சிறு கயிற்றுத் துண்டைக் கொண்டு தம்மைத் தாமே மீட்டுக்கொள்ளும் கலையின் வரலாறு. இதற்குத் தமிழில் நிலைபெற்ற சொல் இல்லை. 'தன்மீட்பு' என்று நாம் வைத்துக்கொள்வோம்.

1865 ஜூலை 14 அன்று மேட்டர்ஹார்ன் சிகரத்தை முதன்முதலாக எட்டிய எழுவர், ஒரே தொடராகக் கயிற்றால் பிணைக்கப்பட்டு இறங்கிக்கொண்டிருந்தனர். ஒருவர் கால் வழுக்கியதும் நால்வர் இழுபட்டு வீழ்ந்தனர். நடுவில் கயிறு அறுந்தமையால் மற்ற மூவர் பிழைத்தனர். அறுந்தது, அவர்கள் கொண்டுசென்றவற்றுள் மிக மெலிந்த கயிறு. வழிகாட்டி டாக்வால்டர் தம் உயிரைக் காத்துக்கொள்ள அதை வெட்டிவிட்டார் என்ற வதந்தி நெடுங்காலம் அவரை விடவில்லை. கயிறு மனிதரைப் பிணைக்கும். அப்பிணைப்பே சில நேரம் கொல்லும். இந்த முரணை அன்றைய ஏறுநர்கள் கண்டுகொண்டனர். அதை அவிழ்க்கும் கைத்திறம் மட்டும் அவர்களிடம் இருக்கவில்லை.

அத்திறம் கிடைக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கார்ல் புருசிக் என்ற ஆஸ்திரியர், இசையாசிரியர், 1931இல் ஒரு முடிச்சை அச்சில் வெளியிட்டார். முதல் உலகப்போரின் போது அறுந்த இசைக்கருவித் தந்திகளைச் சீர்செய்ய அவர் இதைப் பயன்படுத்தினார் என்றொரு கதையும் உண்டு. மெல்லிய கயிற்றை வளையமாகக் கட்டி, அதைப் பெருங்கயிற்றின் மேல் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, தன்னூடே இழுத்துவிட்டால் போதும். வளையத்தில் பாரம் ஏறியதும் முடிச்சு பெருங்கயிற்றை இறுகப் பற்றிக்கொள்ளும். பாரம் நீங்கியதும் மேலும் கீழும் நகர்த்தலாம். இடுப்போடு பிணைத்த வளையம் ஒன்று, காலை ஊன்ற இன்னொன்று என இரண்டு இருந்தால், ஒன்றில் தொங்கி மற்றதை மேலேற்றி, வெறுங்கயிற்றில் ஒருவர் ஏறிவிட முடியும். பாரமே பிடியாகிறது என்பதுதான் இதன் அழகு. பல்லோ விசையோ எதுவுமற்ற எளிய பொறி இது.

ஆயினும் ஒரு முடிச்சு அச்சில் வருவதற்கும், தேவைப்படும் வேளையில் விரல்களுக்கு அது வாய்ப்பதற்கும் இடையே உள்ள தூரம் பெரிது. நூற்பாவைத் தடையின்றி ஒப்பிக்கும் மாணவர், அதே விதி ஆளப்பட்ட தொடரைக் கண்டு திகைப்பதை ஆண்டுதோறும் காணும் நமக்கு இது புதிதன்று. வகுப்பறையில் திகைத்தால் மதிப்பெண் குறையும், அவ்வளவே.

1936 ஜூலையில் ஸ்விட்சர்லாந்தின் ஐகர் சிகரத்து வடசுவரில் நால்வர் ஏறினர். பவேரியரான டோனி குர்ட்ஸ், ஆண்ட்ரியாஸ் ஹின்டர்ஷ்டொய்சர். ஆஸ்திரியரான வில்லி ஆங்கரர், எடி ரைனர். வழுவழுப்பான ஒரு பாறைப் பகுதியைக் கயிற்றின் துணையால் குறுக்கே கடந்தபின், அக்கயிற்றை உருவிக் கையோடு எடுத்துச் சென்றனர். திரும்பி வரும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. கல் விழுந்து ஆங்கரருக்குக் காயம் பட்டு, அனைவரும் இறங்கத் தொடங்கியபோது அப்பாறை பனிக்கண்ணாடியாக உறைந்திருந்தது. (இன்று அந்த இடத்தில் நிலைக்கயிறு கட்டப்பட்டிருக்கிறது. அவ்விடம் ஹின்டர்ஷ்டொய்சரின் பெயரால் வழங்குகிறது.) வேறு வழியின்றி நேர்கீழே இறங்க முயன்றபோது சரிந்த பனி மூவரைக் கொன்றது. கயிற்றில் தொங்கியபடி எஞ்சியவர் குர்ட்ஸ் மட்டுமே. வயது இருபத்து மூன்றைத் தாண்டவில்லை.

அம்மலையின் உள்ளே குடைந்து செல்லும் யுங்ஃப்ராவ் இரயில் சுரங்கத்துக்குச் சுவரின் முகத்தில் திறப்பு உண்டு. அதன்வழி வந்த வழிகாட்டிகள் அன்று மாலை அவரை எட்ட முடியாமல், மறுநாள் வருவதாகக் கூறித் திரும்பினர். கையுறையை இழந்து, ஒரு கை உறைந்து மரத்த நிலையில் இன்னோர் இரவையும் அவர் தொங்கியே கழித்தார். காலையில் அவர் செய்தவற்றைத் தன்மீட்பு என்றல்லாமல் வேறெவ்வாறு சொல்வது? இறந்த தோழரின் உடலிலிருந்து கயிற்றை வெட்டி எடுத்தார். உறைந்து விறைத்த கயிற்றின் புரிகளை ஒரு கையாலும் பற்களாலும் பிரித்து நீளமான இழையாக்கிக் கீழே விட்டார். பல மணி நேர வேலை. வழிகாட்டிகள் அதில் கட்டி அனுப்பிய கயிறு நீளம் போதவில்லை; இன்னொரு கயிற்றை அதனோடு முடிந்து அனுப்பினர்.

அந்த முடிச்சுதான் அவரைக் கொன்றது. இறங்கி வந்தவரின் கொக்கிவளையத்தில் அது வந்து சிக்கியது, உட்புகவில்லை. கீழே நின்றவர்கள் பனிக்கோடரியை நீட்டினால் அவர் காலணியைத் தொடும் தூரம். முடிச்சைத் தாண்ட வேண்டுமானால், தொங்கும் பாரத்தை ஒரு கணம் வேறொன்றுக்கு மாற்ற வேண்டும்: மேலே ஒரு புருசிக் வளையத்தைச் சுற்றி, அதில் தொங்கி, கொக்கியைக் கழற்றி, முடிச்சுக்குக் கீழே மீண்டும் மாட்ட வேண்டும். இன்று இது பயிற்சி வகுப்புகளில் தரைக்கு இரண்டடி மேலே சிரித்துப் பேசிக்கொண்டே செய்துபார்க்கப்படும் பாடம். புருசிக்கின் கட்டுரை வெளிவந்து அப்போது ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் மரத்துப்போன கையால் மும்முறை சுற்றி முடிச்சிடுவது எவருக்கும் இயலாது. ஜூலை 22 அன்று குர்ட்ஸ் அங்கேயே தொங்கியபடி இறந்தார்.

போருக்குப் பின் நைலான் கயிறு பரவியது; கயிறு அறுந்து சாவது அரிதாயிற்று. வீழ்ந்தவரை உலுக்காமல் தாங்கும் கயிறுகள் வந்தபின் சிக்கல் இடம் மாறியது. கயிறு பிடிக்கிறது, பிடித்தபின் என்ன செய்வது? காயம்பட்டுத் தொங்கும் துணைவரின் பாரத்தைத் தம் இடுப்பிலிருந்து பாறை ஆணிக்கு மாற்றிவிட்டுக் கைகளை விடுவித்துக்கொள்வது எப்படி, அந்தரத்தில் நினைவிழந்தவரோடு கீழிறங்குவது எப்படி என்பனவெல்லாம் பாடங்களாயின. கட்டடங்களுக்குள் செயற்கைச் சுவரில் ஏறப் பழகும் தலைமுறை இவற்றில் எதையும் அறியாமலே நல்ல ஏறுநராகிவிட முடிகிறது. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் அரங்கில் நடந்த சுவரேற்றத்தைக் கண்டு நாமும் வியந்தோம். அச்சுவரில் விழுந்தவர் பத்திரமாகத் தரைக்கு வந்தார். மலை அப்படி நடந்துகொள்வதில்லை.

1985இல் பெருவின் 6,344 மீட்டர் உயரச் சியூலா கிராண்டே சிகரத்திலிருந்து இறங்கும்போது ஜோ சிம்ப்சனின் கால் முறிந்தது. துணைவர் சைமன் யேட்ஸ் இரு கயிறுகளை முடிந்து, அவரைக் கட்டம் கட்டமாகக் கீழிறக்கினார். ஒவ்வொரு கட்டத்திலும் முடிச்சு வரும்போது சிம்ப்சன் கயிற்றிலிருந்து பாரத்தை எடுத்துவிடுவார். யேட்ஸ் அதற்குள் முடிச்சைத் தாண்டிவிடுவார். இருளில் ஒருமுறை சிம்ப்சன் செங்குத்தான பனி விளிம்பைக் கடந்து வெட்டவெளியில் தொங்கினார். பாரம் நீங்க வழியில்லை, முடிச்சு நின்றுவிட்டது. சிம்ப்சன் புருசிக் வளையங்களைக் கொண்டு மேலேற முயன்றார். முறை அவருக்குத் தெரியும், கயிறும் இருந்தது. உறைந்த விரல்களிலிருந்து ஒரு வளையம் நழுவி வீழ்ந்தது. மேலே, யேட்ஸ் அமர்ந்திருந்த பனிக்குழி சரிந்துகொண்டிருந்தது. அவர் கத்தியை எடுத்தார்.

அந்தச் செயலுக்காக யேட்ஸை ஏசியவர்கள் பலர். நாம் அவர்களோடு இல்லை. இருவரும் சேர்ந்து வீழ்வதே நட்பின் இலக்கணம் என்பது படிப்பவரின் ஆசையேயன்றி மலையின் நியாயமன்று. வெட்டுண்ட சிம்ப்சனே தோழருக்காக வாதாடிப் பின்னர் நூல் எழுதினார்.

பனிப்பிளவில் வீழ்ந்தும் அவர் பிழைத்திருந்தார். கயிற்றை இழுத்துப் பார்த்தார், நுனி வெட்டப்பட்டிருந்தது. மேலே ஏற முடியாததால் பிளவின் ஆழத்துக்கே இறங்கத் துணிந்தார். கயிற்றில் இறங்குபவர் அதன் கடைநுனியில் ஒரு முடிச்சிட வேண்டும், நுனி கடந்து வீழாதிருக்க. பயிற்சியில் முதலில் சொல்லித்தரும் விதி இது. சிம்ப்சன் அந்த முடிச்சை வேண்டுமென்றே இடவில்லை. கயிறு அடியை எட்டாவிட்டால் இருளில் தொங்கிக் காத்திருப்பதைவிட விழுந்து முடிவதே மேல் என்று எண்ணினார். கயிறு எட்டியது. கீழே பனித்தளம் இருந்தது. அங்கிருந்து வெளிச்சத்துக்கு ஒரு சரிவு ஏறியது. முறிந்த காலை இழுத்துக்கொண்டு அவர் அதன்வழி வெளியேறி, தவழ்ந்து தவழ்ந்து, யேட்ஸ் புறப்படவிருந்த வேளையில் முகாமை அடைந்தார்.