படகு ஏறும் வண்டி: டெல்டாவில் படகுகள் தரைவழி போன கதை

முத்துப்பேட்டைப் பக்கமிருந்து ஒரு நேயர் கேள்வி அனுப்பியிருந்தார். 18 அடியில் ஒரு சின்ன ஃபைபர் படகு வாங்கப்போகிறாராம். வீட்டிலிருந்து அலையாத்திக் காட்டு வாய்க்காலுக்கும், சில நாள் கோடியக்கரைப் பக்கமும் அதைக் கொண்டுபோக வேண்டும். "இழுத்துட்டுப் போக எந்த பிக்கப் நல்லது? ஹைலக்ஸா, வி-கிராஸா, இல்ல பொலேரோவே போதுமா?" என்று கேட்டிருந்தார்.

இது வரலாற்று நிகழ்ச்சி, வண்டி ஷோரூம் இல்லையே என்று சிரித்துக்கொண்டே படித்தேன். ஆனால் 'இழுத்துட்டு' என்ற அந்தச் சொல் விடவில்லை. அமெரிக்காவில், ஆஸ்திரேலியாவில் படகு என்றால் ட்ரெய்லர், ட்ரெய்லர் என்றால் பிக்கப். நம் காவிரி டெல்டாவில் தரையில் போன படகுகளைத் தேடிப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. இங்கே படகை இழுக்கும் வண்டியை யாரும் தேடவில்லை. இருக்கிற தோளுக்கும் வண்டிக்கும் ஏற்ற மாதிரி படகைச் செய்தார்கள்.

பரிசலை எடுத்துக்கொள்ளுங்கள். மூங்கில் பின்னல், அதன்மேல் மாட்டுத்தோல். பின்னால் தோலின் இடத்துக்கு பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் வந்தன. வட்டமாக இருப்பதால் ஓட்டுவது சிரமம், நேராகப் போகவே போகாது. ஆனால் கரையேறியதும் அதன் அருமை தெரியும். ஒரே ஆள் கவிழ்த்துத் தலைக்குமேல் போட்டு நடந்துவிடலாம். ஒகேனக்கல் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய ஆமை ஒன்று நிமிர்ந்து நடப்பது மாதிரி இருக்கும். மதராஸ் மாகாணத்தின் மீன்துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் தென்னிந்தியப் பரிசல்களைப் பற்றித் தனியாகவே எழுதினார். ஆற்றோட்டத்தில் கீழே போவது சுலபம், எதிர்த்து வருவது முடியாது என்பதுதான் காவிரி மாதிரியான ஆற்றில் ஓடமோட்டியின் பெரிய பிரச்சினை. கையில் தூக்கிக்கொண்டு திரும்பி நடக்க முடிந்தால் அந்தப் பிரச்சினை இல்லை.

இதைப் படைத்தளபதிகளும் புரிந்துகொண்டார்கள். 1799-இல் காவிரித் தீவான ஸ்ரீரங்கப்பட்டணத்துப் போரில் இருந்த ஆர்தர் வெல்லெஸ்லி, 1803-இல் மராத்தியர்மேல் படையெடுத்தபோது, ஆறு கடக்கக் கூடைப் படகுகள் செய்யச் சொல்லி உத்தரவிட்டார். பிற்பாடு வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த அதே வெல்லெஸ்லிதான். கனமான படகை மாட்டுவண்டியில் ஏற்றி ஊர் ஊராக இழுப்பதைவிட, மூங்கிலும் தோலும் கிடைக்கிற இடத்திலேயே பின்னிக்கொள்வது மேல் இல்லையா?

கடற்கரையில் இதே கணக்கைக் கட்டுமரம் போட்டது. ஆங்கிலத்துக்கு நாம் கொடுத்த சொற்களில் 'கட்டமரான்' பிரபலமானது. ஆனால் இன்று வெளிநாட்டில் அந்தப் பெயரோடு திரிகிற இரட்டை உடல் கப்பலுக்கும் நாகப்பட்டினத்துக் கட்டுமரத்துக்கும் பெயரைத் தவிர அதிகம் ஒட்டுறவு இல்லை. நம்முடையது இலேசான மரத்துண்டுகளைக் கயிற்றால் கட்டியது, அவ்வளவுதான். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகத் தூக்கிக்கொண்டுபோய் மணலில் காயவைப்பார்கள். நீரில் ஊறிய மரம் கனக்கும் என்பது ஒரு காரணம். முழுப் படகை மணலில் ஏற்ற பத்துப் பதினைந்து பேர் வேண்டும், ஒற்றை மரத்துக்கு இரண்டு மூன்று பேர் போதும் என்பது இன்னொரு காரணம். துறைமுகம் இல்லாத சோழமண்டலக் கரைக்கு இதைவிடப் பொருத்தமான படகு இல்லை என்பது என் எண்ணம்.

கோயில் தெப்பத்தையும் இதில் சேர்க்கலாம். திருவாரூர் கமலாலயத்தில் மிதக்கிற அத்தனை பெரிய தெப்பம் எந்தச் சாலை வழியாகவும் முழுசாக வருவதில்லை. காலிப் பீப்பாய்களும் சட்டங்களும் துண்டு துண்டாகக் குளத்துக்கு வந்து அங்கேயே உருவாகின்றன.

சரி, பெரிய படகுகள்? அவற்றுக்குத் தரைவழி தேவையே வராமல் பார்த்துக்கொண்டார்கள். 1860-களில் வேதாரண்யம் உப்பை நாகப்பட்டினத்துக்குக் கொண்டுபோகக் கால்வாயே வெட்டினார்கள். அதே காலத்தில், 1861-இல் நாகப்பட்டினம்–தஞ்சாவூர் ரயில் பாதை திறந்தது, அடுத்த வருஷம் திருச்சிக்குப் போனது. சரக்கு தரையில் போனது, படகு தண்ணீரிலேயே இருந்தது.

இந்த ஏற்பாட்டைக் குலைத்தது ஃபைபர் படகு. சட்டென்று வந்ததில்லை அது. எஃப்.ஏ.ஓ.வின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக்கொண்டு தொடங்கி, அலை மோதும் கரையில் இறங்கி ஏறக்கூடிய எஞ்சின் படகு ஒன்றுக்காகப் பல வருஷம் பரிசோதனை செய்தது. தொண்ணூறுகளில் ஃபைபர் பரவியது. பிறகு 2004 டிசம்பர் 26. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்குமேல் இறந்தார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகு வந்த நிவாரணத்தில் பெரும்பங்கு ஃபைபர் படகாகவே வந்தது. கட்டுமரம் வைத்திருந்தவர் கைக்கும் ஃபைபர் வந்தது. தரத்தைப் பற்றியும் எண்ணிக்கையைப் பற்றியும் அப்போதே விமர்சனம் இருந்தது, அது தனி எபிசோடு. நமக்கு இங்கே முக்கியம் ஒன்றுதான்: ஃபைபரை அவிழ்க்க முடியாது. 28, 30 அடி நீளம், எஞ்சினோடு சேர்த்தால் நாலு பேர் தூக்குகிற சமாச்சாரம் இல்லை. கரையில் டிராக்டர் வந்து நின்றது அதனால்தான். வயலில் சேடை ஓட்டிய டிராக்டர் மணலில் படகு இழுத்தது.

சாலையில் என்ன ஆயிற்று? இங்கேதான் நம்ம நேயரின் பிக்கப் வருகிறது. 'டெம்போ' என்று இன்றும் சொல்கிறோமே, அது ஒரு ஜெர்மன் கம்பெனியின் வண்டிப் பெயர். பஜாஜ் டெம்போ 1958-இல் இங்கே தொடங்கியது, பெயர் எல்லாச் சின்ன லோடு வண்டிக்கும் ஒட்டிக்கொண்டது. 2005-இல், சுனாமி நடந்து சில மாதங்களில், டாடா ஏஸ் வந்தது. இரண்டு சிலிண்டர், சுமார் 700 சிசி, 16 குதிரைசக்தி. மோட்டார் சைக்கிள் எஞ்சினா என்று கேலி பேசினார்கள். ஆனால் வாழைத்தாரிலிருந்து சாமியானா பந்தல் வரை எல்லாம் ஏறியது, 'குட்டி யானை' என்று ஊரே பெயர் வைத்தது. அதற்கு மேல் பாரம் என்றால் மஹிந்திரா பொலேரோ பிக்கப், 1.3 முதல் 1.7 டன் வரை ஏற்றும் வகைகள். 2016-இல் இசுசு வி-கிராஸ், 2022-இல் டொயோட்டா ஹைலக்ஸ் என்று ஐந்து பேர் உட்காரும் வண்டிகள் பின்னால் வந்தன. இவை வெள்ளை போர்டு, பொலேரோ பிக்கப் மஞ்சள் போர்டு. கல்யாணத்துக்குப் போகிற வண்டியும் களத்துக்குப் போகிற வண்டியும் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

படகும் லோடு வண்டியும் சேர்ந்தால் உயிர் பிழைக்கும் என்பதை வெள்ளம்தான் காட்டியது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது மீனவர்கள் லாரியில் படகு ஏற்றி நகருக்குள் வந்தார்கள். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் அது பெரிய அளவில் நடந்தது. 600-க்கும் மேற்பட்ட படகுகள் கடற்கரையிலிருந்து லாரிகளில் உள்நாட்டுக்குப் போயின, பல்லாயிரம் பேர் மீட்கப்பட்டார்கள். முதல்வர் பினராயி விஜயன் மீனவர்களைக் கேரளத்தின் சொந்தப் படை என்றார். படகுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் தருவதாக அரசு அறிவித்தது. தண்ணீருக்கடியில் மறைந்திருந்த மதில்சுவர்களிலும் கேட்டுகளிலும் மோதி நிறையப் படகு உடைந்தது.

அதே 2018 ஆகஸ்ட் 22-ஆம் தேதி இங்கே முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் உடைந்தன. நவம்பர் 16-இல் கஜா புயல். 2022 ஆகஸ்டில் கொள்ளிடம் பெருகி, மயிலாடுதுறை மாவட்டத்தில் நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல் போன்ற ஆற்றுத்திட்டு ஊர்களைத் தண்ணீர் சூழ்ந்தது. மக்களைப் படகில்தான் கரைசேர்த்தார்கள். கடலோரத்து ஊரில் படகு இருக்கும், உள்ளே படுகையில் ஆட்கள் மாட்டியிருப்பார்கள். நடுவில் இருபது கிலோமீட்டர் ரோடு. படகை ஏற்ற எத்தனை ஆள், எவ்வளவு நேரம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அரக்கோணத்திலிருந்து வரும் தேசியப் பேரிடர் மீட்புப் படை காற்றடைக்கும் ரப்பர் படகை மடித்து எடுத்துவருகிறது. யோசித்தால் அது பரிசலின் பேரன்.

இனி நேயர் கேட்டதற்கு வருகிறேன். முதலில் எடைக்கணக்கு. 18 அடி ஃபைபர் 400 கிலோ என்று வையுங்கள். எஞ்சின், டீசல், வலை, ஐஸ்பெட்டி 200. ட்ரெய்லர் 250. மொத்தம் 850 கிலோ. வெளிநாடுகளில் மூன்றரை டன் வரை இழுக்கிற ஹைலக்ஸுக்கு இது தூசு. ஆகவே இழுக்கும் பலத்தைப் பார்த்து வண்டி வாங்க வேண்டாம். நிறுத்தும் பலத்தைப் பாருங்கள். ஐரோப்பாவில் பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கு வரம்பு 750 கிலோ. உங்களுடையது அதைத் தாண்டுகிறது, ட்ரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டும். கொக்கியின் மேல் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அழுந்த வேண்டும், இங்கே 85 முதல் 130 கிலோ. அதற்குக் குறைந்தால், அதாவது எஞ்சின் இருக்கும் அமரப் பக்கம் பாரம் கூடினால், வேகத்தில் ட்ரெய்லர் வாலாட்டும். நம் டிராக்டர் ட்ரெய்லர் மாதிரியே இதற்கும் தனிப் பதிவு உண்டு, மறக்க வேண்டாம்.

ட்ரெய்லர் இல்லாமல் பொலேரோவில் ஏற்றலாமா? பெட்டி ஒன்பது, பத்து அடி. கேபினுக்கு மேலே சட்டம் அடித்து அணியத்தை அதில் சாய்த்தாலும் பின்னால் சில அடி நீட்டிக்கொண்டு நிற்கும். அது விதிமீறல், இரவில் பின்னால் வரும் பைக்காரருக்கு ஆபத்தும்கூட. 12, 13 அடிப் படகாக இருந்தால் நான் யோசிக்காமல் பொலேரோ என்பேன். அப்போதும் நீட்டுகிற அளவைக் குறைக்க அந்தச் சட்டம் தேவை.

அடுத்து நம் மண். ஐப்பசி கார்த்திகையில் வாய்க்கால் கரைக் களிமண்ணில் படகை இறக்கிவிட்டுக் காலிப் பெட்டியோடு மேட்டில் ஏறும்போது பின்சக்கரம் மட்டும் சுற்றும் வண்டி வழுக்கும். நாலு மூட்டை நெல்லோ மணலோ போட்டால் ஓரளவு பிடிக்கும். தினமும் அப்படி இறக்க வேண்டுமென்றால் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி அவசியம், ஹைலக்ஸும் அந்த வகை வி-கிராஸும் அங்கேதான் பணத்துக்குப் பதில் சொல்லும். ஆனால் ஐந்தே கால் அடி அல்ல, ஐந்தே கால் மீட்டர் நீள வண்டி, பின்னால் ட்ரெய்லர், இதை ஆற்றங்கரைச் சாலையில் எங்கே திருப்புவீர்கள்? கரையில் ஏற்கெனவே டிராக்டர் இருக்கும் ஊரென்றால், சாலைக்குப் பொலேரோ, இறக்கி ஏற்ற வாடகை டிராக்டர் என்று பிரித்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. நம்பகமான வண்டி எது என்று கேட்டால், திருத்துறைப்பூண்டியிலோ பட்டுக்கோட்டையிலோ ஒரே நாளில் சாமான் கிடைத்து, மெக்கானிக் கைவைக்கிற வண்டி.

உப்புத்தண்ணீரில் ட்ரெய்லரை இறக்கிய அன்றே சக்கர பேரிங்கையும் பிரேக்கையும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். சூடாக வந்த சக்கரத்தை உடனே தண்ணீரில் விடாமல், ஒரு டீ குடித்துவிட்டு இறக்குங்கள்.