பால்கோவாவும் கிருமியும்

பால் சத்து மிகுந்தது. அதனாலேயே கிருமிகள் அதில் விரைந்து பெருகும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் மிஞ்சிய பாலைக் காக்க, அதைச் சுண்டக் காய்ச்சுவதே கைகண்ட வழி. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அந்த வழியில் வந்தது.

விறகடுப்பில் வாணலியேற்றி, அடிபிடிக்காமல் துடுப்பால் கிளறிக்கொண்டே இருப்பார்கள். பால் கொதித்துச் சுண்டும்போது சால்மோனெல்லா, லிஸ்டீரியா, காசநோய்க் கிருமி ஆகியவை மடிகின்றன. எஞ்சிய ஈரத்தையும் அதில் சேர்க்கும் சர்க்கரை பிடித்துவைப்பதால், புதிதாக வரும் கிருமிகள் எளிதில் வளர முடிவதில்லை.

ஆயினும் ஆபத்து முற்றிலும் நீங்குவதில்லை. பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியையும் தாங்கும். ஆறிய கோவாவைத் தொடும் கையில் புண் இருந்தால் ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற கிருமி ஏறிக்கொள்ளும். 1914-இல் பிலிப்பைன்ஸில் எம். ஏ. பார்பர் என்ற ஆய்வாளர், ஒரு பசுவின் பாலேட்டை வெளியே வைத்திருந்து குடித்து நோயுற்றார். அதன்வழி, வெளியில் வைத்த பாலில் இக்கிருமி நஞ்சைச் சுரக்கிறது என்பதை நிறுவினார். அந்த நஞ்சு மறுபடி கொதிக்கவைத்தாலும் அழியாது; உண்ட சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும்.

எனவே காய்ச்சியபின் காட்டும் கவனமே முக்கியம். ஈரமற்ற பாத்திரம், சுத்தமான கை, ஈ மொய்க்காத மூடி, சில நாள்களுக்குள் விற்றுத் தீர்ப்பது ஆகியவை இன்றியமையாதவை. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத்தையும், உரிமம் அல்லது பதிவையும் சிறு தயாரிப்பாளர்களுக்கும் கடமையாக்கியது.