263 மீட்டர் மணல்

மெரினாவில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று பெயர் தாங்கி நிற்கும் கட்டிடம், கட்டப்பட்டபோது ஒரு ஐஸ் கிடங்கு. பிரெடரிக் டூடர் என்ற அமெரிக்க வியாபாரி பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டிகளை மரத்தூளில் பொதிந்து கப்பலில் அனுப்புவார். அவற்றைச் சேமிக்க 1840-களில் கட்டியது. அந்தப் பகுதிக்கு இன்றைக்கும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் பெயர். அங்கே நின்று கிழக்கே பார்த்தால் எனக்கு ஒரு சந்தேகம் வரும். நிமிஷத்துக்கு நிமிஷம் உருகும் சரக்கை விற்றுப் பிழைக்கும் மனுஷன், இவ்வளவு மணலைத் தாண்டியா கிடங்கு கட்டுவார்?

கட்டவில்லை. அப்போது இந்த மணல் கிடையாது. இன்றைய காமராஜர் சாலைக்குப் பக்கம்வரை கடல் வந்துகொண்டிருந்தது. இடையில் இருந்தது கொஞ்சம் சேறும் ஒரு ஒடுங்கிய கரையும்.

மெட்ராஸுக்குத் துறைமுகமும் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கும் ஆட்களும் மசூலாப் படகில் இறங்கி, அலையை உடைத்துக்கொண்டு கரைக்கு வருவார்கள். ஆணி அடித்த படகு அந்த அலையில் பிளந்துபோகும் என்பதால், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. கரையை ஒட்டியதும் படகுக்காரர்கள் துரைகளையும் துரைசானிகளையும் தூக்கிக்கொண்டு வந்து காய்ந்த மண்ணில் இறக்கி விடுவார்கள். சிலரை நாற்காலியில் வைத்து, சிலரை முதுகில். கால் நன்றாக இருந்தவர்கள்தான். ஆனாலும் மெட்ராஸ் கடலோரத்தில் எல்லாருமே கொஞ்ச தூரம் நடமாட முடியாதவர்களாக இருந்தார்கள்.

அதை அவர்கள் எத்தனை நாள் பொறுத்துக்கொண்டார்கள் என்பதுதான் சுவாரஸ்யம். 1860-களின் தொடக்கத்தில் இரும்புத் தூண்களைக் கடலடியில் திருகி இறக்கி, ஆயிரம் அடிக்கு மேல் நீளமான ஒரு மேடைப் பாலத்தை அலைகளைத் தாண்டிக் கட்டினார்கள். அதுவும் போதவில்லை. 1870-களின் நடுவில் துறைமுக வேலை தொடங்கியது. கடலுக்குள் இரண்டு பெரிய கல் கரங்கள். 1881 நவம்பரில் வந்த புயல் அதில் பெரும்பகுதியை உடைத்துப் போட்டது. ‘கடலோடு மோத முடியாது, விட்டுவிடலாம்’ என்று முடிவெடுக்கவில்லை. மறுபடி கட்டினார்கள்.

இனிதான் மணல். சோழமண்டலக் கரையில் அலைகள் கரையைச் சாய்வாக அடிக்கும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மணல் வடக்கே நகரும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே. வருஷக் கணக்கை முடித்துப் பார்த்தால் மிச்சம் வடக்கு நோக்கித்தான். நிற்காமல் ஓடும் ஒரு மணல் ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் குறுக்கே துறைமுகத்தின் தெற்குக் கரம் போய் நின்றது. ஆறு நின்றது. மணல் தெற்கே குவிந்தது. வருஷா வருஷம் கடல் விலகிப் போனது. அப்படி உருவானதுதான் இன்று நாம் மெரினா என்று போட்டோ எடுக்கும் இந்த அகலம். சராசரியாக 300 மீட்டர். எங்கள் சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னால் இது ஒரு சைடு எஃபெக்ட். யாரும் ஸ்பெக் எழுதவில்லை, யாரும் டிசைன் பண்ணவில்லை.

துறைமுகம் உடைந்த அதே மாதம் கவர்னராக வந்தவர் கிராண்ட் டஃப். அவர்தான் 1880-களின் நடுவில் கடலோர உலாச்சாலையை அமைத்தவர். சிசிலி ஞாபகத்தில் 1884-இல் மெரினா என்று பெயரும் வைத்தார். உலாவுவதற்கென்றே போட்ட சமமான பாதை. அது அப்படியே இருக்க, கடல்தான் அதைவிட்டு எழுந்து போய்விட்டது.

என் சித்தி திருவல்லிக்கேணியில் பிறந்து வளர்ந்தவர். ஒரு வயதில் போலியோ. அறுபதை நெருங்குகிறார். கேலிப்பரும் ஊன்றுகோலுமாக இருந்து, தோள்பட்டை தேய்ந்தபிறகு வீல்சேருக்கு மாறினார். சின்ன வயதில் தாத்தா தோளில் தூக்கிக்கொண்டு அலைவரை போவாராம். “பத்து வயசோட நின்னு போச்சு” என்பார் சித்தி. “அப்பாவால தூக்க முடியலன்னு இல்ல. எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாக்கறது எனக்குத்தான் பிடிக்கல.” அதன்பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் அவருக்குக் கடல் என்பது உலாச்சாலையின் ஓரத்திலிருந்து தெரியும் ஒரு நீலக் கோடு. ராத்திரியில் மொட்டை மாடிக்குக் கேட்கும் ஒரு சத்தம்.

வீல்சேரை மணலில் தள்ளிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்சக்கரம் இரண்டும் சின்னது, ஒல்லியானது. ஆளின் பாரம் அதன் வழியே இறங்க, சக்கரம் மணலை உழுதுகொண்டு புதையும். நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுத்தால் கொஞ்சம் நகரும். அதாவது கடலைப் பார்க்கப் போகிறவர், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகலாம். “நாலு பேர் சேர்ந்து தூக்கிட்டா முடிஞ்சுதே” என்று சொல்லும் நல்ல மனசுக்காரர்கள் எப்போதும் உண்டு. துரைகளும் அப்படித்தான் வந்தார்கள். ஆனால் அதை ஒரு தீர்வாக அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

சட்டம் என்ன சொன்னது? மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டம் தடையற்ற பாதைகளைப் பற்றிப் பேசியது, ‘பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு’ என்ற வாலோடு. அந்த வால் இருக்கும்வரை எந்த அதிகாரியும் ‘பணமில்லை’ என்று ஃபைலை மூடலாம். 2016-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அணுகல்தன்மையை உரிமை என்ற இடத்தில் வைத்தது. மெரினாவில் நடந்தது இதற்கு இணையாக ஓடிய இன்னொரு கதை. மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகள் கேட்டுக் கேட்டு, டிசம்பர் 3-ஐ ஒட்டிச் சில ஆண்டுகள் தற்காலிகப் பாதை போட்டார்கள். சில நாள் இருக்கும், பிறகு எடுத்துவிடுவார்கள். வருஷத்தில் சில நாள் மட்டும் கடல்! கோயில் திருவிழாவுக்குக்கூட அதைவிட அதிக நாள் கொடி ஏறும்.

நிரந்தரப் பாதை 2022 நவம்பர் 27 அன்று திறக்கப்பட்டது. 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், மரத்தால் ஆனது, செலவு சுமார் 1.14 கோடி ரூபாய். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரில். ஐஸ் வந்து இறங்கிய இடத்திலிருந்து, கடல் விலகிப் போன தூரத்தைத் துரத்திக்கொண்டு போகிறது அந்தப் பாதை.

திறந்து இரண்டு வாரம் முடியவில்லை. டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. பாதையின் கடல்பக்க நுனி உடைந்தது. காலையிலேயே போட்டோக்களும் கேலியும் வந்துவிட்டன. கடலோரத்தில் மரம் போட்டால் இப்படித்தான், மக்கள் பணம் வீண், இத்யாதி. கட்டுமானத்தின் தரத்தைக் கேள்வி கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் பல பதிவுகள் கேட்டது அதை இல்லை. இது எதற்கு என்பதை. 1881-இல் இதைவிடப் பல மடங்கு பெரிய பணம் கடலில் போனது. அதற்குக் காரணம் கேட்டார்கள், எதற்கு என்று கேட்கவில்லை.

சரிசெய்து மீண்டும் திறந்தபிறகு சித்தியை அழைத்துப் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம். பாதை முழுக்கக் கூட்டம். பாதிப்பேர் செல்ஃபி. சித்தி கோபப்படுவார் என்று நினைத்தேன். “இருக்கட்டும், எல்லாரும் நடக்கற வழியாவே இருக்கட்டும். நமக்குன்னு தனியா பூட்டி வெச்சா, சாவி யார்கிட்டன்னு தேடணும்” என்றார். பலகைகள் சக்கரத்துக்கடியில் தடதடத்தன. வழியெல்லாம் யாரையும் தள்ள விடவில்லை, அவரே உருட்டிக்கொண்டு வந்தார். நுனி மேடையில் சாரல் முகத்தில் அடித்தது. ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், “கால்ல படலையே” என்றார்.

படாது. பாதை தண்ணீருக்குச் சற்று முன்னால் முடிகிறது. கடல் ஒவ்வொரு பருவத்திலும் முன்னே பின்னே நகரும் என்பதால் எங்காவது நிறுத்தித்தான் ஆக வேண்டும். மிச்ச தூரத்துக்கு பலூன் மாதிரி அகலச் சக்கரம் வைத்த கடற்கரை நாற்காலிகள் இருக்கின்றன. மணலில் புதையாது, தண்ணீரிலும் இறங்கும். அவற்றையும் ஆளையும் தினமும் அங்கே வைத்திருப்பது பொறியியல் பிரச்சினையே இல்லை, பராமரிப்பு சமாசாரம். நம் ஊரில் திறப்பு விழாவுக்குக் கிடைக்கும் மரியாதை பராமரிப்புக்குக் கிடைக்காது.

இந்தக் கணக்கில் இன்னொரு பக்கமும் உண்டு. தெற்கே குவிந்த மணல் வடக்கே போய்ச் சேர வேண்டியது. அது வராததால் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கமெல்லாம் கடல் கரையைத் தின்றது. குடியிருப்புகளும் போயின. மிச்சத்தைக் காப்பாற்ற வரிசையாகக் கருங்கற்களைக் கொட்டினார்கள். மெரினாவில் கடலுக்கும் ஆளுக்கும் நடுவே மணல் என்றால், அங்கே பாறை. கால் உள்ளவர்களே கையை ஊன்றித்தான் ஏற முடியும்.

காசிமேட்டில் சித்திக்கு ஒரு தோழி. ஊன்றுகோல்காரர். கடல் அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். சித்தி போனில் மெரினா கதையைச் சொல்லி முடித்ததும் அவர் கேட்டது, “அங்க வர்றதுக்கு எந்த பஸ்ஸுக்கா? அதுல நான் ஏற முடியுமா?” சித்தி போனை என்னிடம் நீட்டினார். 2024 ஆகஸ்டிலிருந்து சில தடங்களில் தாழ்தளப் பேருந்துகள் ஓடுகின்றன. அவர் தெருமுனையிலிருந்து எது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.