வன்னிப் பாதையும் புகைவண்டிச் சாரதியும்

கிளிநொச்சி மாவட்டத்தின் ஸ்கந்தபுரம், அக்கராயன் குளத்தை அண்டிய பயிர்ச்செய்கைக் கிராமம். அதனூடே இருப்புப்பாதை செல்வதில்லை. அவ்வூரார் புகைவண்டி ஏற வேண்டின் கிளிநொச்சிக்கோ முறிகண்டிக்கோ செல்லல் வேண்டும். எனினும் வன்னியின் வரலாற்றை எழுதப் புகுவோர் இருப்புப்பாதையை விலக்கி எழுதுதல் இயலாது. கிளிநொச்சி குடியேற்றத் திட்டங்களால் 1930 களில் வளரத் தொடங்கியது. பாதையோ அதற்குக் கால் நூற்றாண்டு முன்னரே காட்டை ஊடறுத்துச் சென்றுவிட்டது. அப்பாதையைப் பற்றியும், அதனை இட்ட ஆள்பதிகளைப் பற்றியும் எழுதியோர் பலர். அதன்மேல் வண்டியைச் செலுத்தியவர்களைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே.

இலங்கையில் முதற் புகைவண்டி 1864 டிசம்பர் 27 ஆம் நாள் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை ஓடிற்று. வடபகுதி மேலும் நாற்பதாண்டு காத்திருந்தது. காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் 1902 மார்ச்சு மாதத்தில் வண்டி ஓடத் தொடங்கியபோது அப்பகுதி தெற்குப் பாதையோடு இணைக்கப்படாத தனித் துண்டாயிருந்தது. இடையிற் கிடந்ததோ வன்னிக் காடு. 1905 ஜனவரியில் யாழ்ப்பாணக் கச்சேரியிற் பதவியேற்க வந்த லெனாட் வுல்வ் என்னும் ஆங்கிலேய இளைஞர், அநுராதபுரம் வரை புகைவண்டியிலும், அங்கிருந்து ஆனையிறவு வரை அஞ்சல் மாட்டு வண்டியிலும், பின்னர் மீண்டும் புகைவண்டியிலும் பயணஞ் செய்தார். அவ்வாண்டு ஓகஸ்ற் முதலாம் நாள் பாதை முழுமையுற்றது. மாட்டு வண்டிக்காரன் நாட்கணக்கிற் கடந்த காட்டை எஞ்சின் சாரதி சில மணி நேரத்திற் கடந்தான்.

யார் இச்சாரதி? தொடக்கத்தில் ஐரோப்பியரும், அவர்க்குப் பின் பெரும்பாலும் பறங்கியரும் எஞ்சின் மேடையில் நின்றனர். காள் முல்லர் எழுதிய 'யக்கட யக்கா' என்னும் ஆங்கில நாவல் அப்பறங்கிச் சாரதிகளின் உலகைக் காட்டுவது. 'இரும்புப் பேய்' என்பது அத்தலைப்பின் பொருள். சிங்களக் கிராமத்தார் எஞ்சினுக்கு இட்ட பெயர் அது. யாழ்ப்பாணத்தார் அத்துணை அஞ்சவில்லைப் போலும். 'கோச்சி' என்று செல்லமாகவே அழைத்தனர்.

ஆனால் அந்தக் கோச்சியை ஓட்ட யாழ்ப்பாணத்துப் படித்த இளைஞர் விரைந்தனரோவெனின், இல்லை. ஆங்கிலக் கல்வி பெற்றோர் நாடியது பேனாத் தொழில். புகையிரதப் பகுதியில் அவர் விரும்பியது நிலைய அதிபர் பதவியும் எழுதுவினைஞர் பதவியுமே. மலாய் நாட்டுப் புகையிரத நிலையங்களிலும் யாழ்ப்பாணத்தவர் பெருந்தொகையாய் அமர்ந்தது இவ்வகைக் கதிரைகளிலேயாம். கரி படிந்த கையோடு வீடு திரும்பும் தொழில் மதிப்புக் குறைந்ததெனக் கருதப்பட்டது. இம்மதிப்பீடு தவறானது என்பதற்கு அத்தொழிலின் இயல்பே சான்று.

நீராவி எஞ்சினிற் சாரதியாதல் ஓரிரு ஆண்டிற் கைகூடுவதன்று. எஞ்சின் கொட்டகையிற் சாம்பல் அள்ளித் துடைக்கும் பையனாய்த் தொடங்கி, நெருப்பாளனாய்க் கரி எறிந்து, பல ஆண்டு சாரதியின் அருகே நின்ற பின்னரே நெம்புகோல் கைக்கு வரும். கொதிகலத்தில் நீர்மட்டம் தாழ்ந்தால் வெடிக்கும் ஆபத்துண்டு. மிகுந்தால் நீர் உருளைகளுட் புகுந்து எஞ்சினைப் பழுதாக்கும். இவற்றோடு பாதை அறிவும் வேண்டும். எங்கே ஏற்றம், எங்கே வளைவு, எவ்விடத்திற் கைகாட்டி என்பனவற்றை இருளிலும் மழையிலும் மனத்தாற் காணவல்லவனே அப்பாதையிற் செலுத்தத் தக்கவன்.

பேனாத் தொழிலையும் கைத்தொழிலையும் ஒருங்கே பிணைத்தது ஒரு சிறு உலோக வட்டு. வடபாதை ஒற்றைப் பாதை. எதிரெதிரே இரு வண்டிகள் வாராதிருக்க, இரு நிலையங்களுக்கிடையே ஒரு வட்டே வழங்கப்படும். இரு நிலையத்து மின்கருவிகளும் இசைந்தாலன்றி அது வெளிவராது. அதனை நிலைய அதிபரிடமிருந்து பெற்ற சாரதிக்கே முன்செல்ல உரிமையுண்டு. மாங்குளத்து அதிபரும் வண்டிச் சாரதியும் ஒருவர் உயிரை ஒருவர் கையில் வைத்திருந்தனர் எனின் மிகையன்று. ஊர் மட்டும் ஒருவரை 'மாஸ்ரர்' என்று வணங்கிற்று. மற்றவரின் பெயரையும் கேட்டிலது.

1950 களில் நிலைமை மாறிற்று. கனடா கொழும்புத் திட்டத்தின்கீழ் நன்கொடையாக அளித்த டீசல் எஞ்சின்கள் வந்தன. அவற்றுக்கு அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களே இடப்பட்டன. பி. டி. றம்பாலா பொது முகாமையாளராயிருந்த காலத்தில், 1956 ஏப்பிரல் 23 ஆம் நாள் யாழ்தேவி புறப்பட்டது. கரியும் புகையும் குறையவே தொழிலின் மதிப்பு உயர வழி பிறந்தது. அவ்வாண்டு யூன் மாதத்தில் அரசகரும மொழிச் சட்டமும் நிறைவேறிற்று. பறங்கியர் பலர் அவுஸ்திரேலியாவுக்குப் பெயர்ந்தனர். எஞ்சின் மேடையில் இடம் காலியாயிற்று. ஆனால் அதே சட்டம் தமிழ் இளைஞனுக்கு அரச சேவையின் வாயிலைச் சிங்களத் தேர்ச்சியென்னும் தாழால் ஒடுக்கிற்று. முன்னர் அவன் வேண்டாவென ஒதுக்கிய இடம், வேண்டுமென நினைக்கத் தொடங்கிய வேளையில் எட்டாததாயிற்று.

பின்னர் வந்தது போர். 1985 ஜனவரி 19 ஆம் நாள் முறிகண்டிக்கு அருகே யாழ்தேவி வெடியிற் சிக்கிப் படையினரும் பொதுமக்களும் மாண்டனர். 1990 யூன் மாதத்தோடு வவுனியாவுக்கு வடக்கே வண்டி நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் காவலரண்களாயின. அவ்வாண்டிற் கிளிநொச்சியிற் பிறந்த பிள்ளை தன் ஊரிற் புகைவண்டியைக் காண இருபத்து மூன்று வயது வரை காத்திருந்தான். இந்திய அரசின் கடனுதவியோடு இர்கொன் நிறுவனம் அமைத்த புதிய பாதையில் 2013 செப்ரெம்பரிற் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் வண்டி வந்தது. பழைய பாதையை மனத்திற் பதித்திருந்த சாரதிகள் பெரும்பாலும் ஓய்வெய்தும் வயதினராயினர். மூத்தோன் கைபிடித்து இளையோன் கற்கும் தொழிலில் இவ்விடைவெளி சிறிதன்று.

ஒரு தலைமுறை வண்டியை அறியாதிருந்த மண்ணிற் புதிய வண்டி விரைந்து ஓடியதன் விலையும் பெரிது. காவலற்ற கடவைகளில் மனிதரும் மாட்டு மந்தைகளும் அடிபட்டனர். 2019 யூன் மாதத்திற் கிளிநொச்சிப் பகுதிக் கடவையொன்றில் இராணுவ வாகனம் மோதுண்டு ஐவர் இறந்தனர். இத்தகைய செய்திகளில் இறந்தோரின் பெயர் வரும். வண்டியின் பெயரும் வரும். தடுப்பை முழுவதும் இழுத்த பின்னரும் வண்டி பல நூறு மீற்றர் ஓடியே தீரும் என்பதையும், விலகிச் செல்ல வழியற்ற பாதையில் அக்கணங்களை விழித்த கண்ணோடு கடப்பவன் சாரதியே என்பதையும் செய்தி சொல்வதில்லை. மகோவிலிருந்து ஓமந்தை வரையான பகுதியும் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்துக்கு ஏற்பத் திருத்தப்பட்டது. அதில் அநுராதபுரம் முதல் ஓமந்தை வரையான துண்டு 2023 யூலையில் மீண்டும் திறக்கப்பட்டது. வேகம் கூடுந்தோறும் நிறுத்தும் தூரமும் கூடும். கடவைக் காவலோ அவ்விரைவிற் கூடவில்லை.